பதாகை வைக்கும் முன் ஒரு மேசை போடுங்கள்

தில்லியில் உள்ள நம் தமிழ் அமைப்பின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

பொங்கல் விழா அழைப்பிதழும் மேடைப் பதாகையின் மாதிரிப் படமும் வந்து சேர்ந்தன. 'தலைநகரில் பிறந்து அமெரிக்க நாடாளுமன்றம் கண்ட தமிழர்' என்று மேலே பெரிய எழுத்தில் போட்டு, கீழே ராஜா கிருஷ்ணமூர்த்தியின் படத்தை வைத்திருக்கிறீர்கள். அன்று மாலை அவரைப் பாராட்டித் தீர்மானமும் நிறைவேற்றப் போவதாகவும், கருத்து இருந்தால் உறுப்பினர்கள் எழுதலாம் என்றும் செயலாளர் குறிப்பிட்டிருக்கிறார். என் கருத்தைச் செயலாளருக்கு மட்டும் எழுதினால் அது கோப்பில் போய்ப் படுத்துவிடும். ஆகையால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அவரைப் பாராட்ட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் வழக்கறிஞர்தான். நம் மொழி பேசும் வீட்டில் பிறந்த ஒருவர், வழக்கறிஞராகத் தொடங்கி ஒரு நாட்டின் சட்டங்களை எழுதும் சபையில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்றால் எனக்கும் நெஞ்சு நிறைகிறது. அவருடைய அரசியல் நிலைப்பாடுகள் எல்லாம் எனக்கு உடன்பாடானவை அல்ல. அது வேறு பேச்சு. எனக்குள்ள குறை, அவர் கதையில் பாதியை மட்டும் எடுத்துப் பதாகையில் போட்டிருக்கிறீர்கள் என்பது.

அழைப்பிதழின் உள்பக்கத்தில் அவரைப் பற்றி ஐந்து வரி இருக்கிறது. பிறப்பு புதுதில்லி, பொறியியல் பிரின்ஸ்டன், சட்டம் ஹார்வர்டு, 2016இல் இல்லினாய் மாநிலத்தின் எட்டாவது தொகுதியிலிருந்து தேர்வு, பகவத் கீதையின் மீது பதவிப் பிரமாணம். ஐந்தும் உண்மை. ஆனால் இந்த ஐந்து வரியைப் படிக்கிற நம் வீட்டுப் பிள்ளை என்ன நினைக்கும்? நன்றாகப் படித்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்றுதான் நினைக்கும். நடந்தது அப்படியில்லை.

1973இல் இங்கே பிறந்தவர், மூன்று மாதக் குழந்தையாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். தந்தை மேற்படிப்புக்காக நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்குப் போனவர். அந்த எழுபதுகளின் பொருளாதார மந்தத்தில் குடும்பம் தத்தளித்தது. அரசு கொடுத்த உணவுக் கூப்பனில் சாப்பாட்டுப் பொருள்கள் வாங்கினார்கள். ஏழைகளுக்கென்று அரசு கட்டிய குடியிருப்பில் இருந்தார்கள். இதை அவர் மறைத்ததே இல்லை. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடங்களில் அவரே சொல்கிறார். நாம்தான் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டோம். 1980இல் தந்தைக்கு இல்லினாயின் பியோரியா நகரில் பிராட்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைத்த பிறகுதான் குடும்பம் நிமிர்ந்தது. வந்து சில ஆண்டுகளே ஆன, ஊர் பேர் தெரியாத ஒரு வெளிநாட்டுக் குடும்பத்துக்குக் கையில் சோறும் தலைக்கு மேல் கூரையும் ஓர் அரசு கொடுத்தது. அந்தக் கூரையின் கீழ்தான் பிரின்ஸ்டனுக்குப் போகப்போகிற பையன் வளர்ந்தான்.

அடுத்து நீங்கள் விட்டது அவருடைய தோல்விகளை. ஹார்வர்டிலிருந்து நேராக நாடாளுமன்றத்துக்கு அவர் போய்விடவில்லை. ஒரு கூட்டாட்சி நீதிபதியிடம் எழுத்தராக இருந்தார். சிகாகோவில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 2000இல் பராக் ஒபாமா கீழவைக்கு நின்று தோற்றாரே, அந்தத் தேர்தலில் அவருக்காக வேலை செய்தவர்களில் இவரும் ஒருவர். 2004 செனட் தேர்தலிலும் உடன் இருந்தார். பிறகு மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில், அரசு ஊழலைக் கவனிக்கும் பிரிவில் பணி; அதன் பிறகு மாநிலத் துணைக் கருவூலர். 2010இல் மாநிலக் கணக்குத் தலைவர் பதவிக்குத் தன் கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் மயிரிழையில் தோற்றார். 2012இல் இதே எட்டாவது தொகுதிக்கு நின்று, தன் கட்சியின் இன்னொரு வேட்பாளரான டாமி டக்வொர்த்திடம் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். நான்கு ஆண்டு கழித்து டக்வொர்த் செனட்டுக்குப் போட்டியிடப் போனபோது காலியான அந்த இடத்துக்கு மறுபடி நின்றார். அப்போதுதான் வென்றார். 2024 வரை நடந்த ஒவ்வொரு தேர்தலிலும் அந்தத் தொகுதி அவரையே அனுப்பியது.

இரண்டு முறை தோற்றவரை அந்த ஊர் மூன்றாவது முறை ஏன் நம்பியது என்று யோசித்துப் பாருங்கள். பதினைந்து ஆண்டுக்கு மேலாக அந்த மாநிலத்தின் வரவு செலவு, அந்த ஊரின் தொழிற்சாலை, அந்த ஊரின் பள்ளிக்கூடம் என்று பேசிக்கொண்டிருந்தார். தில்லியைப் பற்றிப் பேசி ஓட்டுக் கேட்கவில்லை. சபைக்குள் போன பிறகும் அதே வழிதான். 2018இல் தொழிற்கல்விச் சட்டம் ஒன்றை மாற்றுக் கட்சி உறுப்பினர் ஒருவரோடு சேர்ந்து கொண்டுவந்து நிறைவேற்றினார். நான்காண்டுப் பட்டப்படிப்புக்குப் போகாத பிள்ளைகளுக்கான சட்டம் அது. 2021 பிப்ரவரியில் அவர் தலைமையிலான துணைக்குழு, கடைகளில் விற்கும் குழந்தை உணவில் ஆர்செனிக், காரீயம், காட்மியம், பாதரசம் கலந்திருப்பதை நிறுவனங்களின் உள் ஆவணங்களையே வாங்கிப் படித்து அறிக்கையாக வெளியிட்டது. வழக்கறிஞர் புத்தி என்றால் இதுதான்: கத்தாமல், காகிதத்தைக் கேட்டு வாங்குவது. என்னிடம் கேட்டிருந்தால் கீதையைப் பற்றிய வரியை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லியிருப்பேன்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சொல்ல வந்ததே இதுதான்.

2025 ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜங்புராவில், பாரபுல்லா நாலா என்னும் கழிவுநீர்க் கால்வாயின் கரையில் இருந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதிக்கு, தெரிந்த ஒருவர் கூப்பிட்டதால் போயிருந்தேன். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடம் அது. நம்மில் பலர் வீட்டில் பாத்திரம் தேய்த்த கைகள் அங்கிருந்து வந்தவைதான். ஓர் அம்மா துணிக்கடைப் பை ஒன்றை என் மடியில் கொட்டினார். ரேஷன் அட்டை, எரிவாயுப் புத்தகம், மின்சார ரசீதுகள், மகளின் பள்ளிச் சான்றிதழ், மழையில் நனைந்து மை கலைந்த பிறகு பிளாஸ்டிக் உறை போட்டு வைத்த ஒரு மருத்துவமனைச் சீட்டு. ஒரு தாளில் அவர் பெயர் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. இந்தியில் எழுதியவர்கள் அவரவர் காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்தார்கள். வாக்காளர் அட்டையும் இருந்தது. தில்லி அட்டைதான். எப்போது பெயர் சேர்த்தீர்கள் என்று கேட்டேன்.

"2019இல் அம்மா. அதுவரைக்கும் ஓட்டு ஊரில்தான் இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் போய்ப் போட்டுவிட்டு வருவோம்" என்றார்.

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அவரிடம் உடனே சொல்ல வாய் வரவில்லை.

தில்லியின் குடிசைவாசிகள் மறுவாழ்வுக் கொள்கை 2015ஆம் ஆண்டினுடையது. குடிசையை எடுத்தால் மாற்று வீடு வேண்டும் என்று கேட்பவர், 2015 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்து அங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். எதைக் கொண்டு காட்டுவது? ரேஷன் அட்டை, மின்சார ரசீது போன்ற பட்டியலில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அதோடு 2012 முதல் 2015 வரையிலான தில்லி வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலாவது பெயர் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். அந்த அம்மா அங்கே வாழ்ந்தது முப்பது ஆண்டு. பட்டியலில் பெயர் ஏறியது நான்கு ஆண்டு தாமதமாக.

அந்த மே மாதம் உயர் நீதிமன்றம், நாலாவின் அடைப்பை நீக்க வேண்டும் என்பதற்காகக் கேம்பை அகற்ற உத்தரவிட்டது. ஜூன் 1ஆம் தேதி காலை இடிப்பு தொடங்கியது. 370 குடியிருப்புகள். 215 குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு. 155 குடும்பங்களுக்குத் தகுதி இல்லை. நரேலா என்பது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, தில்லியின் வடக்கு ஓரம். லோதி எஸ்டேட்டில் நம் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்தக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் கிடையாது. வீடு கிடைத்தவர்களின் நிலையே இது. கிடைக்காதவர்கள் மறுநாள் காலை பாயையும் ஸ்டவ்வையும் நடைபாதையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவும் இருந்தார். துணிக்கடைப் பை மடியில் இருந்தது.

தீர்ப்பைப் பற்றி இங்கே வாதாடப் போவதில்லை. அதற்கு இடம் வேறு. ஆனால் நம்மைப் பற்றிக் கேட்டாக வேண்டும். 2012இலிருந்து 2015 வரை நம் அமைப்பு எத்தனை விழா நடத்தியது? அந்த நான்கு ஆண்டில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜங்புராவில் ஒரு மேசை போட்டு, வாக்காளராகப் பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ வைத்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால்? அந்த 155 குடும்பங்களில் எத்தனைக்கு வீடு கிடைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த ஓர் அம்மாவுக்குக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். இது உங்களை மட்டும் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேம்புக்குப் போன அதே ஏப்ரலில் நாம் நடத்திய சித்திரைத் திருநாள் பட்டிமன்றத்தில் நானும் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அந்த நான்கு ஆண்டிலும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு இதே ஊரில்தான் இருந்தேன்.

இந்தப் பழக்கம் கேம்பில் இருப்பவர்களோடு நிற்பதுமில்லை. என் அப்பா 1971இல் ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர். மத்திய அரசில் 34 ஆண்டு வேலை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் வளர்ந்தோம். கடைசி வரை அவர் தில்லியில் ஓட்டுப் போட்டதே இல்லை. "நாம் என்ன, வந்த இடத்தில் இருப்பவர்கள்தானே" என்பார். கும்பகோணத்தில் யாரும் இல்லாத வீட்டு முகவரியில் அவர் பெயர் பட்டியலில் இருந்துகொண்டே இருந்தது. அதை அவர் வேர் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த ஒரு வரிதான் சில நேரம் பிடிமானம். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 'சாதாரணமாக வசிக்கும் இடம்' எது என்று கேட்கிறது. ஒரு தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார் என்று 20ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளவும் முடியாது. தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதும் நம் வீடுகளில் எத்தனை தொலைபேசி அழைப்புகள்! படிவத்தோடு வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்று. அங்கேயும் பெயர் போய், இங்கேயும் இல்லாமல் நிற்கப் போகிறவர்கள் நம் உறுப்பினர் பட்டியலிலேயே இருக்கிறார்கள்.

ராஜா கிருஷ்ணமூர்த்தியோடு இதை வைத்துப் பாருங்கள். அவர் பிறப்பால் அமெரிக்கக் குடிமகன் அல்ல. குடியுரிமை பெற்று ஏழு ஆண்டு ஆனவர்தான் கீழவைக்கு நிற்க முடியும் என்கிறது அந்த நாட்டு அரசமைப்பு. குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரால் நிற்கவே முடியாது; அந்தக் கதவு பிறப்பிலேயே அடைத்தது. அவ்வளவு தடையையும் வைத்துக்கொண்டு அவர் அந்த ஊரைத் தன் ஊர் என்றார். விழுப்புரத்திலிருந்தோ தென்காசியிலிருந்தோ தில்லிக்கு வருகிறவருக்கு இதில் ஒரு தடையும் இல்லை. ரயிலைவிட்டு இறங்கும்போதே அவர் இந்த நாட்டின் குடிமகன். இங்கே வசிக்கிறார் என்று காட்டி ஒரு படிவம் நிரப்பினால் தில்லியின் வாக்காளர். பெயர் இங்கே ஏறிவிட்டால், 21 வயதானவர் தில்லி மாநகராட்சியின் 250 வார்டுகளில் ஒன்றில் நிற்கலாம். 25 வயதானால் சட்டமன்றத்துக்கு நிற்கலாம். நம் பிள்ளைகள் யாராவது இதைக் கேட்டிருக்கிறார்களா? நாம் சொல்லியிருக்கிறோமா? புலம்பெயர்ந்து போன ஊரில் நின்று ஜெயிப்பது அமெரிக்காவில்தான் நடக்கும் என்றும் இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மும்பைக்குப் போன கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014இல் சயான் கோலிவாடாவிலிருந்து மகாராஷ்டிரச் சட்டமன்றத்துக்குப் போனார்.

மும்பை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1985இல் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்ன நடைபாதைவாசிகள் வழக்கை எல்லாச் சட்ட மாணவர்களும் படிக்கிறார்கள். அந்த வழக்கின் மனுதாரர்களில் ஒருவர், பஞ்சத்தில் வேலையிழந்து 1961இல் சேலத்திலிருந்து பம்பாய்க்குப் போன நிலமற்ற கூலித் தொழிலாளி. தமிழர். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டின் கீழ் மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் இருந்தவர். அவர் வீடும் இடிக்கப்பட்டது. அவரும் ஒரு புலம்பெயர்ந்த தமிழர்தான். இந்த நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் அவர் பங்கும் இருக்கிறது. எந்தப் பொங்கல் விழாப் பதாகையிலும் நான் அவரைப் பார்த்ததில்லை.

செயற்குழுவில் சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "நாம் கலாசார அமைப்பு அம்மா, அரசியல் நமக்கு எதற்கு?" இதே பதிலை ஜூன் மாதமும் கேட்டேன். அரிசியும் பருப்பும் கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது என்று அன்று முடிவாயிற்று. அமெரிக்க அரசியல்வாதி ஒருவரின் படத்தை மேடையில் வைப்பது அரசியல் இல்லையென்றால், ஜங்புராவிலோ கல்யாண்புரியிலோ ஒருவர் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதும் அரசியல் இல்லை. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. பெயர் இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா, வீட்டு எண் சரியா என்று பார்க்கப் போகிறோம். அவ்வளவுதான்.

ஆகவே என் கோரிக்கைகளை எழுதிக் கொடுக்கிறேன். தீர்மானம் வைப்பதானால், அதில் உணவுக் கூப்பனையும் அரசுக் குடியிருப்பையும் இரண்டு தோல்விகளையும் சேர்த்து எழுதுங்கள். குழந்தைகள் முன்னால் சத்தமாகப் படியுங்கள். அதே மேடையில் மதராசி கேம்பின் 155 குடும்பங்களைப் பற்றியும் ஒரு தீர்மானம் வையுங்கள். தமிழ்ப் பள்ளி ஒன்றின் கிளையோ, குறைந்தது ஒரு பஸ்ஸோ நரேலாப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களிடம் நம் பெயரில் எழுதிக் கேளுங்கள். நம் உறுப்பினர்களின் பிள்ளைகளில் சட்டம் படிப்பவர்கள் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அவர்களை என்னிடம் அனுப்புங்கள். வாக்காளர் பட்டியலை எப்படித் தேடுவது, படிவம் 6 யாருக்கு, முகவரி மாறியவருக்குப் படிவம் 8 எதற்கு, தகுதி மறுக்கப்பட்டால் எங்கே முறையிடுவது என்று நான் கற்றுக்கொடுக்கிறேன்.

விழா நாளன்று அரங்கின் வாசலில், பொங்கல் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் ஒரு மின்சார இணைப்பும் வேண்டும். மடிக்கணினியும் பிரிண்டரும் நானே கொண்டுவருகிறேன். அந்த ஞாயிறிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நான் உட்காருவேன். இடத்தை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். அந்த அம்மாவிடமும் வரச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் திரிலோக்புரியில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார்; முகவரி மாறிவிட்டதால் அவருக்குப் படிவம் 8 நிரப்ப வேண்டும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. வக்கீலுக்குப் படிக்க எவ்வளவு ஆகும் என்று அன்று நடைபாதையில் வைத்துக் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

செயலாளரின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஆயுள் உறுப்பினர்களில் ஒருத்தி,
வழக்கறிஞர், மயூர் விஹார், தில்லி